சாருக்கு ஃபீஸ் கிடையாது

சேலையூரில் இப்போது நாங்கள் போகும் பல் மருத்துவமனையில் வாசலிலேயே ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு இவ்வளவு, எக்ஸ்ரேவுக்கு இவ்வளவு, பல் சுத்தம் செய்ய இவ்வளவு என்று ஓட்டல் விலைப்பட்டியல் மாதிரி எழுதியிருக்கும். உள்ளே ஒரு பெண் சிரித்த முகத்தோடு டோக்கன் கொடுத்து, முடிந்ததும் ரசீதும் கொடுத்து அனுப்புகிறாள். ஆயுசில் பாதியை இன்ஷூரன்ஸ் ஆபீசில் கழித்தவள் நான். இப்படி ஒரு பலகைக்காக ஒரு காலத்தில் எவ்வளவு தவித்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் போன வாரம் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த ஏக்கம் வேறு. டாக்டர் வெளியூர் போனதும் மூடிவிட்ட, விலையே தெரியாத அந்தப் பழைய மாடி க்ளினிக்குக்கு இன்னொரு தடவை போக முடியாதா என்றிருந்தது.

என் கணவர் கணக்கு வாத்தியார். கேம்ப் ரோடு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இளைஞராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ரிட்டயர் ஆனவர். ஊரே சார் என்று கூப்பிடுவதால் நானும் இங்கே சார் என்றே எழுதிவிடுகிறேன். இவரோடு கேம்ப் ரோட்டில் நடப்பது பெரிய தண்டனை. பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய வேலைக்கு முழுச் சாயங்காலமும் போய்விடும். பேங்க் கவுண்டரில் இருப்பவர் எழுந்து நிற்பார். ஒரு நாள் ஹெல்மெட் போடவில்லை என்று வண்டியை மறித்த போலீஸ்காரர், கிட்டே வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, “சார், நீங்களா?” என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் மாணவனும் வாத்தியாருமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை நான் பின் ஸீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாருக்கு ஒரு கொள்கை உண்டு. படிக்க வருகிற பிள்ளைகளிடம் ஒரு பேனாகூட வாங்கிக்கொள்ளக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு யாராவது கேக் கொடுத்தனுப்பினால் மறுநாளே அதைவிடப் பெரிதாக ஒன்று எங்கள் வீட்டிலிருந்து போகும். கேக் செய்கிறவள் நான் என்பதால் கொள்கையின் முழுப் பாரமும் என் தலையில்தான் விடிந்தது.

அப்படி அவரிடம் படித்த பெண்களில் ஒருத்தி பல் டாக்டர் ஆனாள். கேம்ப் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒற்றை நாற்காலி போட்டு க்ளினிக் திறந்தாள். செங்குத்தான படிக்கட்டு, ஏறி முடிப்பதற்குள் பல்வலி போய் முழங்கால் வலி வந்துவிடும். மேலே போனால் கிராம்பு எண்ணெய் வாசனையும், ஜன்னலுக்கு வெளியே ஓயாத பஸ் ஹாரனும். சுவரில் சாமிப் படம், அதற்குப் பக்கத்தில் பல்லின் குறுக்குவெட்டுப் படம். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். இப்போது நினைத்தாலும் அந்த வாசனை மூக்கில் வந்து நிற்கிறது.

முதல் தடவை நாங்கள் போனது எந்த வலியும் இல்லாமல், சும்மா பார்த்துக்கொள்ளத்தான். வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள், பல்லில் படிந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்தாள், “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிடுங்க சார்” என்றாள். வெளியே வந்து நான் கைப்பையைத் திறந்தேன்.

“சாருக்கு ஃபீஸ் கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க மேடம்” என்றாள் உதவிக்கு இருந்த பெண்.

சார் உள்ளே திரும்பிப் போனார். “இதெல்லாம் வேணாம்மா. எவ்வளவுன்னு சொல்லு.”

“உங்ககிட்ட காசு வாங்கினா எங்கப்பா என்னை வீட்லயே சேர்க்க மாட்டார் சார்” என்று கை கூப்பிவிட்டாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே பல்லைப் பிடித்துப் பார்ப்பதே தானமாகப் போய்விட்டது. சாருக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் நான் ஒரு ப்ளம் கேக் செய்து அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் அந்த டப்பாவை வெறுமனே திருப்பித் தருவாளா? வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருகிற வழக்கம் அவர்கள் வீட்டிலும் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. டப்பா நிறைய மைசூர்பாகு வந்தது. மைசூர்பாகுக்குப் பதில் சர்க்கரை தோய்த்த கல்கல் போனது. தீபாவளிக்கு அங்கிருந்து அதிரசம், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து அச்சு முறுக்கு. அவள் குழந்தை பெற்றபோது நான் வெள்ளிக் கிண்ணம் வாங்கிக்கொண்டு போனேன். அவள் அப்பா பதிலுக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “நாங்க விளக்கேத்தறதில்லையே” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரு பல் பரிசோதனைக்கு நியாயமாக என்ன செலவாகும் என்று தெரியாமலே இரண்டு குடும்பமும் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக அவள் சாருக்குக் கீழ்வரிசையில் இடது பக்கம் ஒரு ஃபில்லிங் போட்டாள். பொறுமையாக வெகுநேரம் உட்கார்ந்து போட்டாள். அதற்கும் காசு வாங்கவில்லை. படியிறங்கும்போது சார் சொன்னார். “இனிமே இங்க வர வேணாம். அந்தப் பொண்ணு வாடகை குடுக்க வேணாமா, கரண்ட் பில் கட்ட வேணாமா? நான் ஒருத்தன் ஓசியில வந்து உட்கார்ந்தா என்ன அர்த்தம்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறு மாசம் போனது, ஒரு வருஷம் போனது, அதற்கு மேலும் போனது. ரோட்டில் அவள் எதிரே வந்தால் சார் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடையைக் கூட்டுவார். நின்றால் ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

வேலைக்குப் போன காலத்தில் நான் கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் வந்து தாம்பரத்தில் இறங்கியதும் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்குவேன். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். வீட்டுக்கு வந்து காபி போட்டு, இரண்டு பேரும் பொட்டலத்தை நடுவில் பிரித்து வைத்துக்கொண்டு அன்றைய கதையைப் பேசுவோம். என் ஆபீஸ் மேனேஜரைத் திட்டியதெல்லாம் அந்தக் கடலையோடுதான். எங்கள் வாழ்க்கையில் நல்ல நேரம் எது என்று யாராவது கேட்டால் நான் அந்த அரைமணியைத்தான் சொல்வேன். நான் ரிட்டயர் ஆகும் முன் கடைசி வருஷத்தில் ஒரு நாள் சார், “எனக்கு வேணாம், நீயே சாப்பிடு” என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். பிறகு கவனித்தேன். மனிதர் இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். முறுகல் தோசையைக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டார். முறுக்கு டப்பா பக்கமே போகவில்லை.

“பல் வலிக்குதா?”

“இல்லியே.”

கணக்கு வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் பல்லைக் காப்பாற்றியாக வேண்டும் என்று நான் அன்றைக்கு முடிவு கட்டினேன். பழைய க்ளினிக்குக்குக் கூப்பிட்டால், “காசு வாங்க மாட்டா, நான் வர மாட்டேன்” என்றார். சரி, வேறு டாக்டரிடம் போகலாம் என்றால், “கேம்ப் ரோட்ல இன்னொரு க்ளினிக் படியேறினா சாயங்காலத்துக்குள்ள அவ காதுக்குப் போயிடும். மனசு நொந்துடுவா” என்றார். அங்கேயும் போகக்கூடாது, இங்கேயும் போகக்கூடாது. நடுவில் மாசக்கணக்கில் பல் மட்டும் சொத்தையாகிக்கொண்டே இருந்தது.

வெளியூர் க்ளினிக்குகளுக்கு நானே போன் போட்டு விசாரித்தேன். இன்ஷூரன்ஸில் இருந்தவளுக்கு விலை கேட்பதில் வெட்கம் கிடையாது.

“ஒரு ரொட்டீன் செக்கப்புக்கு எவ்வளவு ஆகும்?”

“என்ன ப்ராப்ளம் மேடம்?”

“ப்ராப்ளம் இருக்கா இல்லையான்னு பார்க்கத்தான் செக்கப்.”

“டாக்டர் பார்த்தாதான் மேடம் சொல்ல முடியும்.”

“பார்க்கறதுக்கு எவ்வளவு?”

“பார்த்தாதான் சொல்ல முடியும் மேடம்.”

ஒரு இடத்தில் பார்ப்பது இலவசம் என்றார்கள். எனக்கு அங்கேதான் பயம் வந்தது. சும்மா பார்க்கிறவர்கள் சும்மா விட மாட்டார்கள். வாயில் எத்தனை பல் இருக்கிறதோ அத்தனையிலும் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். கடைசியில் நாவலூரில், அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த ஒரு க்ளினிக்கில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். டாக்டர் பார்ப்பதற்கு நானூறு. தேவைப்பட்டால்தான் எக்ஸ்ரே, அது தனி. சுத்தம் செய்தால் ஆயிரத்துச் சொச்சம். ஃபில்லிங், ரூட் கேனால் எல்லாம் பல்லைப் பொறுத்தது. “பார்க்கறதுதான் மேடம் கம்மி. லேட்டா வந்தாதான் செலவு” என்றாள். எங்கள் ஆபீசில் பாலிசி விற்கிறவர்கள் சொல்கிற அதே வசனம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மேடவாக்கம் வழியாக ஸ்கூட்டரில் போனோம். ஏசி போட்ட கூடம், வழுவழுப்பான தரை, எங்களைத் தெரிந்த ஒரு முகம் கிடையாது. சார் நிம்மதியாக உட்கார்ந்து கால் மேல் கால்கூடப் போட்டார். அந்தப் பெண் வந்து பெயர், வயது, சர்க்கரை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். அப்புறம், “இதுக்கு முன்னாடி எந்த டாக்டர்கிட்ட பார்த்தீங்க சார்?” என்றாள்.

சார் அந்த வழுவழுப்பான தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி கேட்டாள். இவர் மெதுவாகக் காலை இறக்கி, எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். நான் அந்தப் பெண்ணிடம் என்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டு ஓடினேன்.

“அவ பேரை வேற டாக்டர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல” என்றார். திரும்பி வரும் வழி முழுக்க நான் திட்டிக்கொண்டே வந்தேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் பக்கத்து பைக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குத் திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை அப்போது சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, தெருமுனையில் வண்டியில் காய்கறி விற்கும் அம்மாவிடம் கீரை எடுத்தேன். பர்ஸை வீட்டில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது. நாளைக்குத் தருகிறேன் என்றேன். வழக்கமாக என்னிடம் சிரித்துப் பேசுகிறவள், கீரைக்கட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“இன்னாம்மா நீ, இன்னும் போணியே ஆவல. காலங்காத்தால கடன் சொல்லிகினு நிக்கிற. ஒரு ரூபானாலும் கைல குட்த்துட்டு எட்துகினு போ. ஓசில போணி பண்ணா அன்னிக்குப் பூரா பேஜார்தான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு ஓடி, பர்ஸை எடுத்து, காசைக் கொடுத்து அந்த அம்மாவுக்குப் போணி செய்துவிட்டு, அதே வேகத்தில் சாரிடம் போய், “சட்டையை மாட்டுங்க” என்றேன்.

க்ளினிக் திறக்கும்போதே நாங்கள் படியேறி நின்றோம். அவள் அப்போதுதான் சாமிப் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே என்னவோ யோசித்ததுபோல் அடங்கியது. நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

“இன்னிக்கு முதல் பேஷன்ட் சார்தான். போணி. கடைக்காரர் வீட்டுப் பொண்ணு நீ. போணியை ஓசியில பண்ணலாமா, சொல்லு?”

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு சிரித்துவிட்டாள். “அப்பா கேட்டா திட்டுவார்தான். சரி, ஒரு ரூபா குடுங்க ஆன்ட்டி.”

“ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபா அளவுக்குத்தான் பார்ப்பே. எல்லாரும் எவ்வளவு தர்றாங்க?”

“முந்நூறு.”

மூன்று நூறு ரூபாய்த் தாள்களை அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜை டிராயரில் போட்டாள். சார் வெகு நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்து போய் அந்த நாற்காலியில் சாய்ந்தார்.

அவள் விளக்கைக் கீழே இழுத்துப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தாள், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எப்பலேர்ந்து சார் வலிக்குது?”

“கொஞ்ச நாளா.”

“கொஞ்ச நாளா? கடலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது” என்றேன் நான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பவே வந்திருந்தா சின்ன ஃபில்லிங்ல முடிஞ்சிருக்கும். கொஞ்சம் லேட்டா வந்திருந்தாகூட ரூட் கேனால் பண்ணிக் காப்பாத்தியிருப்பேன். இப்ப எடுக்கத்தான் சார் வேணும்.”

ஒரு பல்தானே என்று சொல்லலாம். ஆனால் அது முந்நூறு ரூபாயைக் கொடுக்க வழி தெரியாமல் நாங்கள் இழந்த பல். சார் தலையை ஆட்டினார். அவள் சர்க்கரை, ரத்த அழுத்தமெல்லாம் பார்த்துவிட்டு, மரத்துப்போக ஊசி போட்டு, வலிக்காமல் எடுத்தாள். அந்த இடத்தில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள்.

“அரை மணி நேரம் அழுத்திக் கடிச்சுக்குங்க சார். பேசவே கூடாது.”

அதற்குப் பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் திரும்பினாள்.

“ஆன்ட்டி, சார் ஏன் வர்றதை நிறுத்தினார்? நான் கடைசியா போட்ட ஃபில்லிங் சரியில்லதானே?”

கையுறையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

“வலி வந்திருக்கும், என்கிட்ட சொல்ல சங்கடப்பட்டுக்கிட்டு வேற டாக்டர்கிட்ட போயிருப்பார்னு நெனச்சுக்குவேன். ரோட்ல பார்த்தாலும் நிக்க மாட்டார். இத்தனை நாளா ஒவ்வொரு ஃபில்லிங் போடும்போதும், அதுல என்ன தப்பு விட்டேன்னு சார் ஞாபகம்தான் வரும். க்ளாஸ்லயும் அப்படித்தானே. கணக்கு சரியா இருந்தாலும் நல்லா போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தப்பா இருந்தா பேசாம அடுத்த பெஞ்சுக்குப் போயிடுவார்.”

“ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. நீ காசு வாங்கலேன்னுதான் வரல” என்றேன்.

“அதுக்காகவா ஆன்ட்டி யாராவது வராம இருப்பாங்க?” என்று சிரித்தாள். நான் அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

சார் நாற்காலியில் நிமிர்ந்து என்னவோ சொல்லப் பார்த்தார். “பேசாதீங்க சார், ரத்தம் நிக்காது” என்று அவரை அடக்கிவிட்டாள். அடுத்த ஆள் வந்துவிட்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

வீட்டுக்குப் போகலாம் என்று நான் படியில் கால் வைத்தேன். சார் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைக் கையால் காட்டினார். அவர் முகத்தை அவ்வளவு வேதனையோடு நான் பார்த்ததில்லை. ஊசி மரமரப்பு இன்னும் போகவில்லை, ஆகவே அது பல்வலி இல்லை. மருந்துக்கடை வாசலில் ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். படியேறி வந்த இரண்டு பேர் சாருக்கு வணக்கம் வைத்தார்கள். இவர் கை கூப்பினாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை. ஒரு பரிசோதனைக்கு என்ன விலை என்று ஊரெல்லாம் போன் போட்டுக் கேட்டேனே, இந்தப் பெண் இத்தனை நாளாக மனசுக்குள் கொடுத்துக்கொண்டிருந்த விலையை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்று நினைத்தேன்.

அரை மணி ஆனதும் சார் எழுந்தார். வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார். நானும் பின்னாலேயே போனேன். நாற்காலியில் ஒருவர் வாயை ஆவென்று திறந்துகொண்டு படுத்திருந்தார். அவள் கையில் கருவியோடு நிமிர்ந்தாள்.

பாதி உதடு மரத்துப்போய் சாருக்குப் பேச்சு குழறியது. பல் போனால் சொல் போச்சு என்பது இதுதான்போல. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

“நீ போட்ட ஃபில்லிங் அப்படியே இருக்கும்மா. ஒரு நாள்கூட வலிச்சதில்ல. இன்னிக்குப் போனது வேற பல்லு. எல்லாப் பக்கமும் வலிச்சப்பகூட நான் அந்தப் பல்லாலதான் மென்னுகிட்டிருந்தேன். ரொம்ப நல்லா போட்டிருக்க.”

அவள் “சரி சார்” என்றாள். “சரி சார், சரி சார்” என்று திருப்பித் திருப்பி அதையே சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகக்கவசத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் உறை போட்டிருந்ததால் அவளால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான் போய் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.